பாறையும் இதயமும்

பாறையைப் படிப்பவன் பாறையைப் பற்றி எழுதட்டும், மருத்துவம் பயில்பவன் மருத்துவத்தைப் பற்றி எழுதட்டும் என்பது நம் சங்கத்து நண்பர்கள் பலருடைய எண்ணம். துறைக்கு ஒரு வேலி, வேலிக்குள் ஒரு மேய்ச்சல்! நான் பாறைகளையும் அவற்றினூடே ஓடும் அதிர்வலைகளையும் படிக்கும் நிலவியல் மாணவன். ஆயினும் இக்கட்டுரையில் மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களின் இதயத்தைப் பற்றி எழுதத் துணிகிறேன். வேலி தாண்டும் ஆசையால் அன்று. இரண்டு இடத்திலும் ஒரே உண்மை இருப்பதைக் கண்டதால்.

அந்த உண்மை இதுதான். நமக்குப் பெரும் நன்மை செய்யும் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் சுமையையும் ஏற்றக்கூடும். அந்தச் சுமையைக் கண்டு அஞ்சி நன்மையை உதறுவது பேதைமை. நன்மையைக் கண்டு மகிழ்ந்து சுமையை மறப்பதும் பேதைமையே. நன்மையை ஏற்றுக்கொண்டு, சுமையைத் தொடக்கத்திலிருந்தே அளந்து வருவதுதான் அறிவுடைமை. நம் நாட்டில் இந்த மூன்றாவது வழி இன்னும் வழக்கமாகவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் எனக்குப் பழக்கமான பாறையிலிருந்து தொடங்குகிறேன்.

மகாராட்டிர மாநிலத்தின் சாத்தாரா மாவட்டத்தில் கொய்னா என்றோர் ஆறு. அதன் குறுக்கே 103 மீட்டர் உயரத்தில் ஓர் அணை எழுந்தது. 1962இல் நீர் தேங்கத் தொடங்கியது. அணையின் நன்மையை விளக்க வேண்டியதில்லை. ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் அது மின்சாரம் தந்தது. தென்னிந்தியத் தீபகற்பமோ அசையாத பழம்பாறை, இங்கே நிலம் நடுங்காது என்று அந்நாளில் பலரும் நம்பினர். நீர் தேங்கியபின் சுற்றுப்புறத்தில் சிறு அதிர்வுகள் தோன்றின. வரவர அவை பெருகின. 1967 டிசம்பர் 11ஆம் நாள் 6.3 அளவுள்ள நிலநடுக்கம் அப்பகுதியை உலுக்கியது. குறைந்தது 177 பேர் மாண்டனர்.

நீரா பாறையை உடைத்தது? அப்படிச் சொல்வது முழு உண்மையாகாது. பாறையின் ஆழத்தில் ஒரு பிளவு முன்பே இறுகிப்போய், நழுவும் நிலையை நெருங்கியிருந்தது. தேங்கிய நீரின் எடையும், விரிசல்களின் வழியே இறங்கிய நீரின் அழுத்தமும் அந்த இறுக்கத்தைத் தூண்டிவிட்டன என்பது அறிஞர் முடிவு. அதாவது, அங்கே சுமை ஏற்றும் முன்பே ஒரு நலிவு இருந்தது. அதை அளந்து வைத்தவர் இல்லை.

பிறகு என்ன செய்தார்கள்? அணையை இடித்தார்களா? இல்லை. விரிசல் கண்ட இடங்களைச் செப்பனிட்டு வலுப்படுத்தினார்கள். சுற்றிலும் அதிர்வுமானிகளை நிறுவினார்கள். ஆண்டுதோறும் நீர் ஏறுவதையும் இறங்குவதையும் அதிர்வுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து வருகிறார்கள். 2017இல் அப்பகுதியில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, மேலேயுள்ள எரிமலைப் பாறையையும் அடியிலுள்ள கருங்கல்லையும் நேரில் ஆராய்ந்தார்கள். அணை இன்றும் மின்சாரம் தருகிறது. நன்மை நிற்கிறது; சுமையும் அளக்கப்படுகிறது.

இனி, இதே கணக்கை ஒரு தாயின் உடலில் போட்டுப் பாருங்கள்.

இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயே. அதை எதிர்க்கும் மருந்துகளுள் ஒன்று டாக்ஸோரூபிசின். இந்த மருந்துக் குடும்பத்தின் பிறப்பே மண்ணில்தான் என்பது என் போன்றவனுக்குச் சற்றே பெருமை. இத்தாலி நாட்டில், ஆட்ரியாட்டிக் கடலுக்கு அருகிலுள்ள ஒரு பழங்கோட்டையின் பக்கத்தில் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து அது கண்டறியப்பட்டது. கடலின் பெயரையொட்டி அட்ரியாமைசின் என்றும் பெயர் பெற்றது. செந்நிறமான இந்த மருந்து எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது, இன்றும் காத்துவருகிறது.

ஆனால் அதன் சுமை இதயத்தின் மேல் விழுகிறது. ஒவ்வொரு ஊசியின் அளவும் முந்தையவற்றோடு கூடிக்கொண்டே போகும். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இதைக் கணக்கிடுவர். மொத்தம் 400ஐ எட்டியவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கும், 550இல் 7 பேருக்கும், 700இல் 18 பேருக்கும் இதயம் தளர்ந்தது என்று 1979இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. 2003இல் வந்த மற்றோர் ஆராய்ச்சி, மூன்று சிகிச்சைச் சோதனைகளின் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, அந்த எண்களை 5, 26, 48 என்று உயர்த்திக் கூறிற்று. மார்புப் புற்றுநோய்க்கு இக்காலத்தில் வழக்கமாகத் தரும் நான்கு தவணைகளின் மொத்தம் 240தான். ஆகவே பெரும்பாலோர் அபாய எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறார்கள். மருந்தைக் கண்டு நடுங்கக் காரணமில்லை. ஆயினும் வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பே இருந்த இதயக்கோளாறு ஆகியவை கூடும்போது சிறு சுமையும் பெருஞ்சுமையாகலாம். கொய்னாவின் பழைய பிளவை நினைவுகூருங்கள்.

இரண்டாவது மருந்து டிராஸ்டுசுமாப். மார்புப் புற்றுக் கட்டிகளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்து அடக்கும் மருந்து இது. அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்றது. அதே புரதத்தைச் சிறிதளவில் இதயத்தசையும் தன் சிதைவைச் செப்பனிடப் பயன்படுத்துகிறது என்பதுதான் சிக்கல். பூட்டு ஒன்றுபோல் இருந்தால் திருடன் வீடும் நல்லவன் வீடும் சாவிக்கு ஒன்றே அன்றோ? முற்றிய நோயுள்ள பெண்களிடம் நடத்திய சோதனை 2001இல் வெளியாயிற்று. டாக்ஸோரூபிசின் வகை மருந்தையும் டிராஸ்டுசுமாபையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு இதயம் பாதிக்கப்பட்டது. டிராஸ்டுசுமாப் இல்லாமல் முன்னதைப் பெற்றவர்களில் 8 பேருக்கே அப்படி நேர்ந்தது. அதன்பின் மருத்துவர்கள் இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுப்பதைத் தவிர்த்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தரலாயினர். இரண்டாம் மருந்தால் வரும் தளர்ச்சி பெரும்பாலும் மீளக்கூடியது என்பது ஆறுதல். உரிய காலத்தில் கண்டுபிடித்தால் என்பதையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கதிர்வீச்சு. இடது மார்புக்குக் கதிர் செலுத்தினால் அருகிலிருக்கும் இதயமும் ஒரு பங்கைப் பெறும். சுவீடனிலும் டென்மார்க்கிலும் 2,168 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இதயம் பெறும் சராசரிக் கதிர் ஒரு கிரே அளவு கூடுந்தோறும், மாரடைப்பு போன்ற பெரும் இதய நோய்கள் வரும் வாய்ப்பு, முன்னிருந்ததைப்போல் நூற்றுக்கு 7.4 பங்கு கூடுகிறது என்பது அதன் முடிவு. அந்த விளைவு ஐந்து ஆண்டுக்குள் தோன்றத் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேலும் நீடித்தது. இதற்கொரு மாற்று எவ்வளவு எளிது தெரியுமா? நோயாளி மூச்சை ஆழ இழுத்து நிறுத்திக்கொள்ளும் வேளையில் கதிரைச் செலுத்துகிறார்கள். நுரையீரல் விரிந்து இதயத்தை மார்புச் சுவரிலிருந்து சற்று விலக்கிவிடுகிறது. ஒரு மூச்சின் காவல்!

சுமை இருப்பது தெரிந்துவிட்டது. அதை அளப்பது எப்படி? இங்கேதான் பாறையும் இதயமும் கைகோக்கின்றன.

பாறையை உடைக்காமல் அதன் உள்ளத்தை அறிய, அதில் ஓர் அதிர்வை ஏற்படுத்தி, அது எவ்வளவு வேகத்தில் மறுபக்கம் சேருகிறது என்று பார்க்கிறோம். திண்ணிய கருங்கல்லில் முதலில் வந்து சேரும் நெட்டலை விநாடிக்கு 5 முதல் 6 கிலோமீட்டர் ஓடும். நுண்ணிய விரிசல்கள் மிகுந்தால் வேகம் தளரும். ஆழத்தின் அழுத்தம் விரிசல்களை மூடிவிட்டால் வேகம் ஏறும். பக்கவாட்டில் அசைந்து செல்லும் குறுக்கலை இன்னும் மெதுவானது. நீரில் அது செல்லவே செல்லாது. ஆகையால் இரண்டு அலைகளின் வேகங்களையும் ஒப்பிட்டால், பாறைக்குள் விரிசல் உண்டா, விரிசலில் நீர் உண்டா என்றுகூட ஊகிக்கலாம். சோதனைச்சாலையில் இதற்கு ஒரு படிகத்தைப் பயன்படுத்துகிறோம். மின்சாரம் தந்தால் அது அதிரும். அதிர்ந்தால் மின்சாரம் தரும்.

இதயத்துக்கு 'எக்கோ' எடுக்கிறார்களே, அந்தக் கருவியின் நுனியில் இருப்பதும் அத்தகைய படிகமே. காதுக்குக் கேட்காத ஒலி விலா எலும்புகளின் இடுக்கு வழியே உள்ளே சென்று, இதயச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. மென்தசையில் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர். சென்று திரும்பிய நேரத்திலிருந்து சுவர் எங்கே இருக்கிறது, எப்படி அசைகிறது என்று வரைந்துவிடுகிறார்கள். இக்கருவி பிறந்த கதை வேலி போடும் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டிய கதை. 1953இல் சுவீடனில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக அறிஞரும் கூடிப் பேசினர். மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் துறையில் உலோகத்தில் விரிசல் தேட வைத்திருந்த ஒரு கருவியை இரவலாக வாங்கிப் பார்த்தனர். அதிலிருந்துதான் இதயத்தை ஒலியால் பார்க்கும் கலை வளர்ந்தது. கப்பலின் இரும்பைச் சோதித்த கருவி மனிதர் இதயத்தைச் சோதிக்கலாமா என்று அவர்கள் தயங்கியிருந்தால், நமக்கு இன்று எக்கோ ஏது?

அளக்கும் கருவி மட்டுமன்று, அளக்கும் பொருளும் ஒன்றே. பாறை அழுத்தப்பட்டால் அதன் நீளம் எத்தனை பங்கு மாறுகிறது என்பதை நாங்கள் 'திரிபு' என்போம். இன்றைய இதய மருத்துவரும், ஒரு துடிப்பில் இதயத்தசை எத்தனை பங்கு சுருங்குகிறது என்று அளந்து, அதே சொல்லால் அழைக்கிறார்கள். இதயம் இரத்தத்தைத் தள்ளும் ஆற்றல் குறைவதற்கு முன்பே இந்தத் திரிபு குறையத் தொடங்குவதுண்டு. ஆகையால் அது முன்னெச்சரிக்கை.

இப்பொழுது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். ஒரு பாறையில் அலையின் வேகம் விநாடிக்கு 4 கிலோமீட்டர் என்று சொன்னால், அது நல்ல பாறையா, நலிந்த பாறையா? சொல்ல முடியாது. மணற்கல்லாயின் அது நல்ல உறுதி. 6 கிலோமீட்டர் ஓட வேண்டிய கருங்கல்லாயின் அது நொறுங்கத் தொடங்கிய நிலை. எண் தனியாக எதையும் சொல்வதில்லை. முன்னே எப்படி இருந்தது என்பதோடு சேரும்போதுதான் அது பேசுகிறது.

இதயமும் அப்படியே. இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பது மருத்துவர் பார்க்கும் எண். சிகிச்சை நடுவே ஒரு பெண்ணுக்கு அது 54 என்று வருகிறது. 'ஏறக்குறைய சரிதான்' என்று சொல்லிவிடலாம். ஆனால் தொடக்கத்தில் அது 67 ஆக இருந்திருந்தால்? பதின்மூன்று பங்கு சரிந்திருக்கிறதே! முதலில் அளக்காதவருக்கு இந்தச் சரிவு தெரியாது. மூச்சு வாங்கி, கால் வீங்கி, படியேற முடியாமல் ஆனபிறகே தெரியும். அதனால்தான் சிகிச்சைக்கு முன்னே ஓர் எக்கோ, இடையிடையே எக்கோ, முடிந்தபின்னும் எக்கோ என்று உலக மருத்துவச் சங்கங்கள் வழிகாட்டுகின்றன. டிராஸ்டுசுமாப் பெறுவோருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான வழக்கம். இந்த முதல் அளவை நான் 'முன்னளவு' என்று அழைக்க விரும்புகிறேன். முன்னளவு இல்லாத சிகிச்சை, அதிர்வுமானி இல்லாத அணை.

உரிய காலத்தில் கண்டால் என்ன பயன்? இத்தாலியின் மிலான் நகரத்து ஆராய்ச்சி ஒன்று 2015இல் வெளிவந்தது. டாக்ஸோரூபிசின் வகை மருந்துகளைப் பெற்ற 2,625 பேரை ஒழுங்காக எக்கோ எடுத்துத் தொடர்ந்தார்கள். நூற்றுக்கு 9 பேருக்கு இதயம் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சிகளில் நூற்றுக்கு 98 முதல் ஓராண்டுக்குள்ளேயே தென்பட்டன. உடனே இதய மருந்து தொடங்கியதால், தளர்ந்தவர்களில் நூற்றுக்கு 82 பேர் ஓரளவேனும் மீண்டனர். ஆனால் பழைய நிலைக்கே முழுதும் மீண்டவர் 11 பேர்தான். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படியுங்கள். முதல் எண் நம்பிக்கை தருகிறது. இரண்டாம் எண் தாமதிக்காதே என்கிறது.

எதிர்வாதங்கள் வரும் என்பதை அறிவேன். 'புற்றுநோய் தீர்ந்தால் போதாதா? உயிர் தப்பும் வேளையில் இதயத்தைப் பற்றி என்ன ஆராய்ச்சி?' என்று சிலர் கேட்பர். புற்றிலிருந்து தப்பியவள் பத்தாண்டு கழித்து இதயத்தால் இறந்தால், தப்பினாள் என்று எப்படிச் சொல்வது? சிகிச்சை வெற்றி பெற்று, பெண்கள் நெடுநாள் வாழ்வதனால்தான் இக்கேள்வியே எழுகிறது. தோல்வியின் கேள்வி அன்று இது, வெற்றியின் கேள்வி.

'ஏழை நாட்டில் இத்தனை சோதனைகளுக்கு எங்கே போவது?' என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். டிராஸ்டுசுமாப் ஓராண்டு தருவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சில எக்கோக்களின் செலவு மிகச் சிறிது. 2014 முதல் நம் நாட்டிலேயே செய்த ஒத்த மருந்தும் கிடைப்பதால், முன்னைவிட அதிகமான பெண்கள் அதைப் பெறுகிறார்கள். மருந்து பரவும் வேகத்தில் அளவையும் பரவ வேண்டாமா? அரசு காப்பீட்டுத் திட்டங்களில் மருந்தையும் எக்கோவையும் ஒரே சிகிச்சையின் இரு பகுதிகளாகவே வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மருந்துக்குப் பணம் தந்து, எக்கோவுக்கு நோயாளியைக் கடன் வாங்க வைப்பது, அணைக்குக் கோடி கொடுத்து அதிர்வுமானிக்குக் கை விரிப்பதை ஒக்கும்.

'இதையெல்லாம் சொன்னால் பெண்கள் பயந்து சிகிச்சையையே விட்டுவிடுவார்கள்' என்று மூன்றாவது வாதம். மறைத்துவைத்த உண்மையைவிட மிகுதியாக அச்சமூட்டுவது வேறொன்றில்லை. புரியும் மொழியில், அளவோடு சொன்னால், நம் தாய்மார்கள் நம்மைவிடத் துணிவுடையவர்கள். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: யாரும் தாமாக மருந்தை நிறுத்தக்கூடாது. நிறுத்துவதும் தொடர்வதும் புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் கூடி முடிவு செய்ய வேண்டியவை.

இதில் மாணவராகிய நமக்கு என்ன வேலை? நிறைய உண்டு. தமிழகத்துக்கு வெளியே படிக்கும் நம்மிடம், ஊரிலிருந்து சிகிச்சைக்கு வரும் உறவினரும் உறவினரின் உறவினரும் வந்து சேர்வது புதிதன்று. இந்தியோ ஆங்கிலமோ தெரியாத அத்தைக்கும் சித்திக்கும் நாமே வாயும் காதும். மருத்துவர் சொல்வதைத் தமிழில் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர்கள் கேட்கத் தெரியாத கேள்விகளை நாம் கேட்க வேண்டும். சிகிச்சைக்கு முன் எக்கோ எடுத்தாயிற்றா? இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றனவா? இதுவரை ஏறிய மருந்தின் மொத்த அளவு எவ்வளவு? இடது பக்கத்துக்குக் கதிர் என்றால், மூச்சை நிறுத்திச் செய்யும் முறை இங்கே உண்டா? அடுத்த எக்கோ எப்போது? இந்த ஐந்து கேள்விகளைப் பணிவோடு கேட்டால், எந்த நல்ல மருத்துவரும் சினம் கொள்ளமாட்டார், மகிழ்வார்.

இன்னொன்று. அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். ஊருக்குத் திரும்பியபின் ஐந்தாம் ஆண்டில் மூச்சு வாங்கினால், அங்குள்ள மருத்துவருக்கு வேண்டியது அந்தப் பழைய காகிதம்தான். நகையை வைக்கும் பெட்டியில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள்.

நம் சங்கம் ஆண்டுதோறும் முத்தமிழ் விழா நடத்துகிறது, நல்லது, நடக்கட்டும். அதே சங்கம் மருத்துவ மாணவரையும் பௌதிக மாணவரையும் நிலவியல் மாணவரையும் ஒரு மாலை ஒரே மேசையில் உட்காரவைத்து, இந்த ஐந்து கேள்விகளையும் அவற்றின் பொருளையும் எளிய தமிழில் ஒரு சிறு தாளாக அச்சிட்டு, நகரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களின் கையில் கொடுக்கக்கூடாதா? செலவு சில நூறு ரூபாய். எழுத நம்மிடம் தமிழ் இருக்கிறது. அறிய நம்மிடம் கல்வி இருக்கிறது. குறைவது முனைப்பு ஒன்றே.

பாறை தன் வலியைச் சொல்லாது. இதயமும் நெடுநாள் சொல்லாமலே தாங்கும். சொல்லாதவற்றின் நிலையைக் கேட்டறிவதற்காகவே மனிதன் அலைகளைப் பயன்படுத்தக் கற்றான். கற்றதைச் செய்வோம், முன்னளவு எடுக்காமல் எந்தத் தாய்க்கும் சுமை ஏற்றப்படாத நாளை விரைவில் காண்போம்.